விழிப்புணர்வு வாரம்

செப்டம்பர் 2, திங்கள்

ஜெர்சி எல்லாவற்றையும் இன்று நானே துவைத்து விடுதி மொட்டைமாடியில் காயப்போட்டேன். சனிக்கிழமை ஜெயித்த மயக்கத்தில் யாரும் துணியைத் தொடவில்லை. மண்ணும் வியர்வையும் சேர்ந்து காய்ந்துபோய், ஊறவைத்த தண்ணீர் செம்மண் குளம் மாதிரி ஆகிவிட்டது.

கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். நடுவில் பி.டி. சார் ஆளுயரத்துக்கு நிற்கிறார். கீழே வரிசையாக எங்கள் அணி, தீப்பெட்டிப் படம் அளவுக்கு. கேப்டன் மாரிச்செல்வி என்று என் பெயர் மட்டும் பெரிதாக இருக்கிறது. உடற்கல்வி இயக்குநராக இந்த ஞானதுரை சார் வந்த பிறகுதான் இந்தக் கல்லூரியில் பெண்களுக்குக் கபடியே வந்தது என்பார்கள். அது உண்மைதான்.

சனிக்கிழமை ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது இசக்கி. இசக்கியம்மாள், இரண்டாம் வருஷம் பி.காம். ஆலங்குளம் பக்கத்துப் பெண். அம்மா பீடி சுற்றுகிறார். ரெய்டு போனால் ஓணான் மாதிரி நழுவி வருவாள். பிடித்தவள் கையில் காற்றுதான் இருக்கும்.

முதல் வருஷப் பிள்ளைகள் நாலைந்து பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். நகம் வெட்ட வேண்டும், ஆட்டத்துக்கு முன்னால் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கக் கூடாது, விளையாட்டு அறைக்குத் தனியாகப் போகக் கூடாது என்று சொன்னேன். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் ஒருத்தி ஏனென்று கேட்டாள். சாமான் எதுவும் காணாமல் போனால் ஒருத்தி தலையில் விடியும், அதனால்தான் என்றேன். எனக்கு முன்னால் கேப்டனாக இருந்த புஷ்பா அக்கா எனக்கும் இதைத்தான் சொன்னாள். அவள் காரணம் எதுவும் சொல்லவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

பயிற்சியில் இசக்கிக்கு முட்டி திருகிக்கொண்டது. நொண்டிக்கொண்டுதான் வகுப்புக்குப் போனாள். மத்தியானம் என் வகுப்பு வாசலுக்கு வந்து, பி.டி. சார் ஸ்பிரே அடிக்க விளையாட்டு அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார் என்றாள். எனக்கு அடுத்த மணி இன்டர்னல் தேர்வு. நம் அணிச் சங்கரியைக் கூட்டிக்கொண்டு போ என்றேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, சங்கரி அவள் அக்காவின் வளைகாப்புக்கு ஊருக்குப் போயிருக்கிறாள். இசக்கி வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போயிருப்பாள்.

தேர்வு சுமார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

இசக்கி பயிற்சிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினாள்.

ஒருத்தி வராவிட்டால் பி.டி. சார் எங்கள் எல்லோரையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார். இன்று இசக்கி எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனிக்காத மாதிரி வார்ம்-அப்பை ஆரம்பித்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

காலையில் உப்புமா. இசக்கி தட்டை வாங்கி அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் பார்த்தால் அவளுடைய ஷூ ஒரு முதல் வருஷப் பிள்ளையின் காலில் இருக்கிறது. போன மாதம்தான் அவள் அம்மா வாங்கிக் கொடுத்தது. ராத்திரி படுக்கும்போது அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியவள் அவள்.

ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன். அளவு சரியில்லையாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது இசக்கியும் பின்னாலேயே வந்தாள். அணியிலிருந்து பேரை எடுக்க யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். பி.டி. சாரிடம்தான் என்றேன். அவள் காய்ந்த துப்பட்டாவை மடிக்கிறாள், பிரிக்கிறாள், திரும்ப மடிக்கிறாள். பிறகு சொன்னாள்.

அன்றைக்கு அவளுடன் போக யாரும் கிடைக்கவில்லை. வலி தாங்காமல் தனியாகவே போயிருக்கிறாள். சார் ஸ்பிரேயைத் தேடுகிற மாதிரி தேடிவிட்டுக் கதவைச் சாத்தினார் என்றாள். அதற்கு மேல் அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அழவில்லை. அடுத்த வீட்டுக்காரிக்கு நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள். வெளியே விட்டபோது, முட்டிக்கு ஐஸ் வை, டோர்னமெண்ட்டுக்குள் சரியாகிவிடும் என்றாராம்.

அவள் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள்.

"தனியா போகாதன்னு சொன்னீங்கல்லாக்கா. எதுக்குன்னு ஏன் சொல்லல?"

நான் துணிகளை வாளியில் அடுக்கினேன்.

முதல் வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் எனக்குத் தோள்பட்டை இறங்கியது. இப்போது அது சரியாகிவிட்டது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 18, புதன்

சுற்றறிக்கை வந்திருக்கிறது. அடுத்த வாரம் கல்லூரியில் பாலியல் வன்முறைத் தடுப்பு விழிப்புணர்வு வாரம். கோலப்போட்டி, பேச்சுப்போட்டி, சுவரொட்டிப் போட்டி, உறுதிமொழி. செவ்வாய்க்கிழமை கலையரங்கத்தில் மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி. பயிற்சி அளிப்பவர் உடற்கல்வி இயக்குநர். செய்து காட்டுவது மகளிர் கபடி அணி.

துறைத்தலைவர் என்னைப் பிடித்து உறுதிமொழியையும் நீயே வாசி, குரல் கணீரென்று இருக்கும் என்றார். சரி என்றேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

இசக்கியை ஜெசிந்தா மேடத்திடம் கூட்டிக்கொண்டு போனேன். ஆங்கிலத்துறை; உள்ளகப் புகார்க் குழுவுக்கு அவர்தான் தலைவர். எல்லா மாடிப்படியிலும் அவருடைய போன் நம்பரை ஒட்டியிருக்கிறார்கள்.

நல்ல மாதிரியாகத்தான் பேசினார். இசக்கிக்கு டீ வரவழைத்தார். குடித்து முடிக்கிறவரை ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்ட பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எழுத்தில் கொடுத்தால் கட்டாயம் விசாரிப்போம். ஆனால் எழுதிக் கொடுத்த பிறகு பின்வாங்க முடியாது, அம்மா அப்பாவுக்குத் தெரியவரும், வருகிற டோர்னமெண்ட்டையும் யோசித்துக்கொள், இரண்டு நாள் நிதானமாக யோசி என்றார்.

வெளியே வந்ததும் இசக்கி கேட்டாள், "இந்த மேடம் நமக்காகச் சொன்னாங்களா, அவருக்காகச் சொன்னாங்களா?"

செப்டம்பர் 24, செவ்வாய்

கலையரங்கம் நிறைந்துவிட்டது. வாசலில் கோலம்: ஒரு பெரிய கண், அதற்குள்ளே ஒரு பெண். நன்றாகப் போட்டிருந்தார்கள். முதல்வர் பேசினார். நான் உறுதிமொழி வாசித்தேன், எல்லோரும் கையை நீட்டித் திருப்பிச் சொன்னார்கள். என் பக்கத்தில் பி.டி. சாரும் கையை நீட்டிச் சொன்னார்.

பிறகு தற்காப்பு. அவர் மைக்கை வாங்கி, பெண் பிள்ளைகள் எப்போதும் விழிப்பாக இருக்க வேண்டும், ஆபத்து தெரியாத ஆளிடமிருந்துதான் வரும் என்றில்லை என்றார். கைதட்டினார்கள். யாராவது பின்னாலிருந்து பிடித்தால் எப்படி விடுபடுவது என்று காட்டுகிறேன் என்று சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

ஒத்திகையில் சங்கரிதான் என்னைப் பிடித்தாள். இன்று அவரே பிடித்தார். ஒரு கை என் மணிக்கட்டில், இன்னொரு கை தோளில். கபடியில் இதைவிடக் கெட்டியான பிடியை உதறிவிட்டுக் கோட்டைத் தொட்டிருக்கிறேன். மூன்று பேர் மேலே விழுந்தும் கையை நீட்டியிருக்கிறேன். இன்றைக்கு என் கை அசையவில்லை. காதுக்குள் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் மைக்கில் சிரித்தார். "பாத்தீங்களா, கேப்டனே பயந்துட்டா." அரங்கமே சிரித்தது. பிறகு சங்கரியைக் கூப்பிட்டுச் செய்து காட்டினார். அவள் சரியாகச் செய்தாள்.

நடுவரிசையில் உட்கார்ந்திருந்த இசக்கி எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன்.

விடுதிக்குத் திரும்பியபோது என் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கே எழுதிக் கொடுக்கிறேன் என்றாள். அவசரப்படாதே என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஒங்க கையப் பாத்தேன்க்கா" என்றாள்.

நான் முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அவள் என் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கியிருந்தாள்.

செப்டம்பர் 25, புதன்

புகார் கொடுத்தாயிற்று. ஜெசிந்தா மேடம் வாங்கிக்கொண்டார். கோலப்போட்டிக்கு முதல் பரிசு வணிகவியல் துறைக்கு.

அக்டோபர் 1, செவ்வாய்

இன்று கமிட்டி இசக்கியை விசாரித்தது. நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். போனவள் வருவதற்குள் இரண்டு வகுப்பு மணி அடித்துவிட்டது.

என்ன கேட்டார்கள் என்று அவளாகவே சொன்னாள். ஏன் தனியாகப் போனாய். அப்போது ட்ராக் பேண்ட் போட்டிருந்தாயா, ஷார்ட்ஸா. ஏன் கத்தவில்லை, அந்த அறை கலையரங்கத்துக்குப் பின்னால்தானே, கத்தினால் கேட்டிருக்குமே. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை. அணியில் உனக்குப் பதிலாக வேறு யாரையும் எடுப்பதாக சார் சொல்லியிருந்தாரா. உனக்குக் காதல் எதுவும் உண்டா.

கேட்டவர்களில் பெண்கள்தான் அதிகமாம். ஜெசிந்தா மேடம் அதிகம் பேசவில்லை, எழுதிக்கொண்டிருந்தார் என்றாள்.

மெஸ்ஸில் புளியோதரை. இசக்கி சாப்பிட்டாள். அது ஒன்றுதான் இன்றைக்கு நல்ல விஷயம்.

அக்டோபர் 4, வெள்ளி

விசாரணை முடிகிறவரை பி.டி. சார் விடுப்பில் இருக்கிறார். அதனால் அணியைப் பல்கலைக்கழக ஆட்டத்துக்கு அனுப்பவில்லை. இன்று மைதானத்தில் அறிவித்தார்கள்.

பிள்ளைகள் அழுதார்கள். சங்கரி அழவில்லை, கத்தினாள். ஒருத்திக்கு நடந்தது நடந்துவிட்டது, அதற்காக எல்லோர் வாழ்க்கையிலும் மண்ணா என்றாள். நிஜமாகவே நடந்ததா என்று யாருக்குத் தெரியும் என்றாள் இன்னொருத்தி. இசக்கி காதில் விழுகிற மாதிரிதான் பேசினார்கள். யாருடைய பெயரும் வெளியே வராது என்று கமிட்டி சொல்லியிருந்தது. சாயங்காலம் டீக்கடைக்காரர்வரை தெரிந்திருக்கிறது.

நான் கேப்டன். பேச வேண்டியவள் நான்தான். எல்லைக்கயிற்றைச் சுருட்டி உள்ளே வைக்கிற வேலையைப் பார்த்தேன்.

அக்டோபர் 7, திங்கள்

முதல்வர் என்னைத் தனியாக அழைத்தார். உட்காரச் சொன்னார். இதற்கு முன்னால் அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை.

காவலர் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாயாமே, விளையாட்டு ஒதுக்கீட்டில் உனக்குக் கட்டாயம் கிடைக்கும் என்றார். சான்றிதழில் உடற்கல்வி இயக்குநரும் அவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் சொன்னார். நாளைக்குக் கமிட்டி உன்னைக் கூப்பிடும், தெரிந்ததைச் சொல், தெரியாததைச் சொல்லாதே, நீ குடும்பப் பாங்கான பெண், உன் மேல் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது என்றார். மிரட்டவில்லை. மிரட்டினார் என்று யாரிடமாவது சொன்னால் நம்பக்கூட மாட்டார்கள். அவ்வளவு இதமாகப் பேசினார்.

அப்பா பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். நான் காக்கி போடுவேன் என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்.

சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

உனக்கு அவரிடம் கெட்ட அனுபவம் ஏதாவது உண்டா என்று ஜெசிந்தா மேடம் கேட்டார். கேட்டபோது என்னையே பார்த்தார். எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

இல்லை என்று சொன்னேன்.

அக்டோபர் 9, புதன்

மழை. துணி எதுவும் காயவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

கமிட்டியின் முடிவு வந்துவிட்டது. புகாரில் சொல்லப்பட்டதற்குச் சாட்சியோ ஆதாரமோ இல்லை. வேறு எந்த மாணவிக்கும் அவர்மீது குறை இல்லை என்பதையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்த வரியை இசக்கி இரண்டு தடவை சத்தமாக வாசித்தாள். என்னைப் பார்த்து வாசிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்து வாசித்தாள்.

பி.டி. சார் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறார். விளையாட்டு அறைக் கதவு இனிமேல் திறந்தே இருக்க வேண்டும். மாணவிகளின் பாதுகாப்பு கருதி மகளிர் கபடி இந்த ஆண்டு நிறுத்தப்படுகிறது. புகார் கொடுத்த மாணவி மன அமைதிக்காகச் சில நாள் வீட்டில் இருந்துவிட்டு வருவது நல்லது. பெற்றோரை வரச் சொல்லியாயிற்று.

இசக்கிக்கு இதில் அழுகை வந்தது மகளிர் கபடி என்ற இடத்தில்தான்.

அக்டோபர் 21, திங்கள்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

இசக்கியின் அம்மா செல்லக்கனி காலையிலேயே வந்துவிட்டார். ஒடிசலான ஆள். புகையிலைத்தூள் ஏறி விரல் நுனியெல்லாம் பழுப்பாக இருந்தது. வந்ததும் மகளை அடிப்பார் என்று நினைத்தேன். இசக்கியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்; சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். அவர் மகளின் பக்கத்தில் போய், முட்டி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். இத்தனை நாளில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். இசக்கி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

முதல்வர் அறைக்கு நானும் கூடப் போனேன். அவர் வழக்கம்போல இதமாகப் பேசினார். பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், தேர்வு மட்டும் வந்து எழுதட்டும், விஷயம் பெரிதானால் நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதே சிரமமாகிவிடும் என்றார். செல்லக்கனி அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். குரலே உயரவில்லை.

"எம் பிள்ள முட்டுல அடிபட்டதுக்கு மருந்து கேட்டுத்தான சார் போனா. மருந்து கேட்டுப் போறது தப்புன்னா, அத ஒரு போர்டுல எழுதி வையுங்க. எங்கள மாதிரி ஆளுக படிச்சிட்டு வேற காலேசுல சேப்போம்."

சொல்லிவிட்டு எழுந்தார். மகளின் பையைத் தூக்கிக்கொண்டு நேராக மகளிர் காவல் நிலையத்துக்கு வழி கேட்டார். எனக்கு வழி தெரியும். அதனால் கூடப் போனேன். வழிகாட்டத்தான் போனேன்.

ஆட்டோ பிடித்தோம். நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அம்மா இசக்கியையும் அவள் அம்மாவையும் உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். வெளியே பெஞ்சில் நான் மட்டும். கல்லூரிக் கமிட்டி சாட்சி இல்லை என்று முடித்துவிட்டதே, அதைத்தான் அந்தப் பக்கத்து வக்கீல் முதலில் நீட்டுவார் என்று உள்ளே சொல்வது கேட்டது. என் பெயரை இசக்கி சொல்லியிருக்கலாம். அந்த அக்காவுக்கும் நடந்திருக்கிறது, அவளைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். கலையரங்கத்திலேயே கண்டுபிடித்தவள்தானே. சொல்லவில்லை. நான் பெஞ்சில் இருக்கிறேன் என்று தெரிந்தும் சொல்லவில்லை.

எழுத்தர் அம்மா பேப்பரோடு வெளியே வந்து, நீ யாரம்மா, சாட்சியா என்று கேட்டார்.

"இல்ல மேடம். நானும் புகார் குடுக்கணும்."

அவர் புரியாமல் பார்த்தார்.

"வருசந்தான் வேற. ரூம் அதே ரூம்தான்."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. உள்ளே பேச்சு நின்றுவிட்டது. கதவு திறந்தபோது இசக்கி என்னைப் பார்த்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். செல்லக்கனி அம்மாதான் எழுந்து வந்து, தன் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டார்.

சாயங்காலம் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசாங்கச் சேவை மையத்திலிருந்து காந்திமதி என்ற ஆலோசகர் வந்தார். தடதடவென்று பேசுகிற அக்கா. ஆஸ்பத்திரிக்கு யார் கூட வருவார், கோர்ட்டில் என்ன கேட்பார்கள், இலவச வக்கீல் யார் என்று எல்லாவற்றையும் எங்கள் இருவருக்கும் தனித்தனியாகச் சொன்னார். எது வேண்டும் எது வேண்டாம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், உங்களுக்காக நான் முடிவெடுக்க மாட்டேன் என்றார். என்னிடம் கடைசியாக, சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிடவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

பி.டி. சாரைக் கைது செய்துவிட்டார்கள். வாசல் ஃப்ளெக்ஸை இரவோடு இரவாகக் கழற்றிவிட்டது கல்லூரி. அவர் யாரோ எவரோ என்கிற மாதிரி ஓர் அறிக்கையும் கொடுத்திருக்கிறது.

விடுதியில் என் கட்டிலுக்கு வேறு பெண் வருகிறாளாம். காலி செய்யச் சொல்லவில்லை. உனக்கே இங்கே சங்கடமாக இருக்கும் என்றார் வார்டன். சங்கரி என் பெட்டியைப் படிவரை தூக்கி வந்தாள். படியில் வைத்துவிட்டு, எனக்குத் தெரியாதுக்கா என்றாள். தெரிந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்க நினைத்தேன். எனக்கே தெரிந்திருந்தது, நான் என்ன செய்தேன்?

நவம்பர் 2, சனி

தீபாவளி முடிந்தது. வீட்டில் முறுக்கு சுடவில்லை. ஏன் என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, எண்ணெய் சரியில்லை என்று அம்மா சொன்னாள்.

செய்தித்தாளில் இரு மாணவிகள் என்றுதான் போட்டிருக்கிறார்கள். பெயர் இல்லை. அம்மா அதையே தடவித் தடவிப் படித்தாள். பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அந்த ரெண்டு பேர்ல நீ இல்லன்னு சொல்லிருக்கேன். யாரும் கேட்டா நீயும் அப்படியே சொல்லு."

அப்பா என்னிடம் பேசுவதில்லை. கோபமா, வெட்கமா என்று தெரியவில்லை. மார்க்கெட்டிலிருந்து வந்ததும் நான் இருக்கிற அறைக்கு வராமல் கொல்லை வழியாகப் போகிறார்.

நவம்பர் 20, புதன்

அவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. வரவேற்க ஆட்கள் போயிருந்தார்களாம், மாலையோடு.

எனக்குக் காவலர் தேர்வுக்கான சான்றிதழ் கிடைக்கவில்லை. கல்லூரியில் கையெழுத்துப் போட ஆள் இல்லை என்கிறார்கள். புது ஆளை நியமித்த பிறகு வரச் சொல்கிறார்கள். அதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

புஷ்பா அக்கா போன் செய்தாள். இப்போது சென்னையில் இருக்கிறாள், கைக்குழந்தை. குழந்தை அழுவது கேட்டது. ரொம்ப நேரம் நலம் விசாரித்தாள். பிறகு தன் வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது என்றாள். சரி அக்கா என்றேன். கோர்ட்டுக்கு நான் வர முடியாது செல்வி என்றாள். தெரியும் அக்கா என்றேன்.

ஜெசிந்தா மேடமும் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். உன் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், மன்னித்துவிடு என்று. தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். தெரிந்திருந்தது மேடம். அதனால்தான் எழுதுவதை நிறுத்தினீர்கள். பதில் அனுப்பவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம். காலையில் நான் பஸ் ஏறப் போனபோது அப்பாவும் கூடவே நடந்து வந்தார். மார்க்கெட்டுக்குப் போகிற பாதை அது இல்லை. பஸ் வருகிறவரை நின்றார். நான் ஏறியதும் திரும்பிப் பார்க்காமல் போனார்.

கோர்ட் வளாகத்தில் வேப்பமரத்தடியில் பி.டி. சார் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, சுற்றிலும் நாலைந்து பேர். அவர் என்னைப் பார்த்தார். காந்திமதி அக்கா எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்று, தன் பையில் எதையோ தேடிக்கொண்டே இருந்தார், எங்கள் பெயரைக் கூப்பிடுகிறவரை.

உள்ளே ஒரு பெண் மாஜிஸ்திரேட். கதவைச் சாத்தினார்கள். முதலில் எனக்கு மூச்சு முட்டியது. திறந்து வைக்கட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். தோள்பட்டை இறங்கியது, அவர் எண்ணெய் தடவ வரச் சொன்னது, தாழ்ப்பாள் சத்தம், பிறகு நடந்தது எல்லாம். கமிட்டியில் இல்லை என்று சொன்னதையும் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார். வேலை கிடைக்காது என்ற பயத்தில் என்றேன். அவர் அதையும் அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். வேறொருத்தியின் கதை மாதிரி இருந்தது. கையெழுத்து மட்டும் என்னுடையது.

எனக்குப் பிறகு இசக்கி போனாள். வர வெகுநேரமாயிற்று.

வழக்கு எப்படிப் போகும் என்று வக்கீல் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் இழுக்கலாம், கமிட்டி முடிவை வைத்து நம்மைக் குத்திக் கிழிப்பார்கள், தயாராக இருங்கள் என்றார். இசக்கி இந்தக் கல்லூரிக்குத் திரும்பப் போவதில்லை. தென்காசிப் பக்கம் வேறு கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள். அங்கே கபடி அணி கிடையாது.

பஸ் நிலையத்தில் ஆளுக்கு ஒரு டீ குடித்தோம். செல்லக்கனி அம்மா கழிப்பறைக்குப் போன நேரத்தில் இசக்கி பேசினாள். டீ கிளாஸைப் பார்த்தபடிதான் பேசினாள்.

"ஒங்க மேலயும் கோவம் போவலக்கா. போகுமான்னும் தெரியல."

"இருக்கட்டும்" என்றேன். வேறு என்ன சொன்னாலும் அது என்னைத் தேற்றிக்கொள்வதற்காகத்தான் இருந்திருக்கும்.

தென்காசி பஸ்ஸில் அவளும் அவள் அம்மாவும் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள். மூன்று பேர் உட்காரும் சீட். ஓரத்தில் இடம் இருந்தது. அவள் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். ஆலங்குளம் வருகிறவரை அவளுடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்குவதற்கு எழுந்தவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"அடுத்த வாய்தாவுக்கு வந்திருவீங்கல்லா?"

வருவேன் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு இறங்கினாள். முட்டி இன்னும் சரியாகவில்லை. படியில் ஒரு காலை மெதுவாகத்தான் வைத்தாள்.